தலைமாட்டு முக்காலி

துரையின் தையல் மூன்றாவது முறையும் பிரிந்துவிட்டது.

துணிக்கூடையின் மூடியைத் தம்பி திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கு சொல்லிவிட்டது. ஆனாலும் பார்த்தாள். முன்னங்காலைத் தூக்கினால், போன வாரம் வரை கோடு போட்டது போல இருந்த தையல் அக்குளில் வாய் பிளந்து கிடந்தது. உள்ளே ஈரச் சிவப்பு. ஓரத்தில் இரண்டு நூல் முடிச்சுகள் மட்டும் எதையும் பிடிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தன. துரை அவளைப் பார்த்து ஒரு முறை கத்தியது. அந்தக் கத்தலில் வலியைவிட அலுப்புத்தான் அதிகம் என்று அவளுக்குப் பட்டது. அவளுக்கும் அதே அலுப்புத்தான்.

"என்னக்கா, பழைய குருடி கதவைத் திறடியா?" என்றான் தம்பி.

"வாயை மூடிட்டு உக்காருடா."

துரை தம்பியின் பூனை. சாம்பல் நிறம், வெள்ளைக் கழுத்து, யார் கூப்பிட்டாலும் திரும்பாத குணம். பேரைப் பொருத்தமாகத்தான் வைத்திருந்தான். அந்த வெள்ளைக் கழுத்துக்குச் சிவப்புப் பட்டை கட்டி அழகு பார்த்ததும் அவன்தான். ஒரு நாள் துரை காணாமல் போனது. தெருத் தெருவாகத் தேடி, இனி வராது என்று எல்லோரும் கைகழுவிய பிறகு, எலும்பும் தோலுமாகத் தானே திரும்பி வந்தது. எங்கேயோ பட்டையைக் கழற்றப் பார்த்து முன்னங்காலை அதற்குள் நுழைத்துக்கொண்டிருக்கிறது. திரும்ப எடுக்கத் தெரியவில்லை. கழுத்துக்கும் அக்குளுக்குமாகக் குறுக்கே மாட்டிய பட்டை, நடக்க நடக்க அறுத்து, தோலைத் தாண்டிச் சதைவரை போய்விட்டது. பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிற எல்லோருக்கும் இந்தப் புண்ணைத் தெரியும். பார்க்கச் சின்னது. ஆனால் லேசில் ஆறாது.

மூன்று முறையும் தைத்தவர் அவள் கணவர். அந்த மருத்துவமனையில் டாக்டர்கள் அவர்கள் இருவர்தான். அவர் வெட்டுவார், தைப்பார். அவள் மயக்க மருந்து கொடுத்து மூச்சைப் பார்ப்பாள். இருவரும் ஒரே வகுப்பில் கால்நடை மருத்துவம் படித்தவர்கள். அறுவைப் பாடத்தில் அவள் அவருக்கு ஒரு பிடியும் குறைந்தவள் இல்லை. ஆனால் கல்யாணம் முடிந்து மருத்துவமனை திறந்தபோது, யார் கத்தியைப் பிடிப்பது, யார் தலைமாட்டில் உட்காருவது என்ற பேச்சு வந்தது. "அவனுக்குக் கை சுத்தம். உனக்கு நிதானம் ஜாஸ்தி. நீ மயக்கத்தைப் பாத்துக்கம்மா" என்று மாமியார், வெங்காயம் உரித்துக்கொண்டே பிரித்துக் கொடுத்துவிட்டார். அவளும் சரி என்று தலையாட்டினாள். அன்று ஆட்டிய தலையை நினைத்தால் இன்றும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறுவை அறை முன்பு போட்டோ ஸ்டுடியோவாக இருந்தது. சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் இன்னும் வெளிர்நீலம். நடுவில் எஃகு மேசை, அதன் நான்கு மூலையிலும் கால் கட்டுகிற கயிறு, தலைமாட்டில் ஒரு முக்காலி. அந்த முக்காலியில் இருப்பவருக்கு வாய் மட்டும்தான் உண்டு. சுத்தம் செய்யாத கையைப் புண்ணின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. பார்க்கலாம், சொல்லலாம். கேட்பதும் கேட்காததும் கத்தி வைத்திருப்பவர் இஷ்டம்.

அங்கே உட்கார்ந்துதான் அவள் அந்தத் தப்பைப் பார்த்தாள். முதல் முறை புண்ணின் ஓரங்களைச் சீவிச் சுத்தமாக்கியபின் இரண்டு பக்கத்துத் தோலும் எட்டவில்லை. அவர் கயிற்றை அவிழ்த்து, காலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக் கட்டச் சொன்னார். உடனே தோல் தளர்ந்து இரண்டு ஓரமும் உதடு போலப் பொருந்தின. "பாத்தியா, இழுவையே இல்ல" என்றார். அப்புறம் அவர் போட்ட தையலைச் சட்டம் போட்டு மாட்டலாம், அவ்வளவு அழகு. பூனை எழுந்து நின்றது. நின்றால் கால் முன்னால்தானே போகும்? போனது. தையலும் போனது.

இரண்டாம் முறை அவள் சொன்னாள்: "காலை அவுத்துட்டு ஒரு தடவை முன்னால நீட்டிப் பாருங்க. இப்ப சேருது, நடந்தா சேராது."

"ம்" என்றார்.

அந்த "ம்" அவளுக்கு மனப்பாடம். கேட்டேன் என்ற அர்த்தமும் அதில் இல்லை, மாட்டேன் என்ற அர்த்தமும் இல்லை. கதவைச் சாத்துகிற சத்தம், அவ்வளவுதான். மூன்றாம் முறை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். "நீ மூச்சைப் பாரு" என்று பதில் வந்தது. செவிடன் காதில் சங்கு ஊதியவர்களுக்குக்கூட மூச்சு வாங்கிய திருப்தியாவது மிஞ்சியிருக்கும்.

ஒவ்வொரு முறை பிரிந்தபோதும் குற்றம் வேறு யார் மேலாவது விழுந்தது. முதலில், புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் கூம்பைத் தம்பி கழற்றியிருப்பான் என்றார். அவன் கழற்றவில்லை. அடுத்து நூல் மட்டம் என்றார். கடைசியில் பூனையே சரியில்லை, ஒரு இடத்தில் அடங்கி இருக்கத் தெரியாத ஜென்மம் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இத்தனைக்கும் அவர் கெட்டவர் இல்லை. நாய்க்கு ஊசி போடும்போதுகூட அதன் காதோரம் ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்துகிறவர். கையில் கத்தி இருக்கும்போது மட்டும் அவருக்குக் காது கிடையாது.

இப்போது மூன்றாம் தையலும் பிரிந்து, மேசைமேல் துரை படுத்திருந்தது. அவர் வந்தார். புண்ணை அழுத்திப் பார்த்தார், மோந்து பார்த்தார். பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"இனி தைச்சுப் பிரயோஜனம் இல்ல. காலை எடுத்துடலாம்."

தம்பி எந்த நேரமும் ஏதாவது கிண்டல் செய்துகொண்டிருப்பவன். யாரையாவது சிரிக்க வைத்துவிடுவான் என்று சாவு வீட்டில்கூட அவனைப் பின்வரிசையில்தான் உட்காரவைப்பார்கள். இப்போது அவன் கேட்டதில் கிண்டல் துளியும் இல்லை.

"மூணு காலா மாமா?"

"மூணு கால்ல பூனை நல்லாவே ஓடும். ஒரு மாசத்துல அதுவே மறந்துடும்."

"ஓடும்... ஆனா அந்தக் கால் நல்லாத்தானே இருக்கு?"

"கால் நல்லாத்தான் இருக்கு. புண்ணுதான் ஆற மாட்டேங்குதே."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற மனிதர்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். ஒரு கால் எடுத்தாவது அதை உண்மையாக்குகிறவரை இப்போதுதான் நேரில் பார்க்கிறாள். தம்பி கூடைக்குள் இருந்த துண்டை எடுத்து மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "மாமா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் இத்தனை நாள் உள்ளுக்குள்ளேயே புகைந்தது அவளுக்கு வெளியே வந்துவிட்டது.

"நான் மயக்க மருந்து குடுக்க மாட்டேன்" என்றாள்.

"என்ன?"

"நல்ல காலை வெட்டறதுக்கு நான் மயக்கம் குடுக்க மாட்டேன். நீங்க காலை இழுத்துக் கட்டித் தைக்கறீங்க, அது நடக்கும்போது பிரியுது. ரெண்டு தடவை சொன்னேன். தோல் பத்தலைன்னா வேற எடத்துலேருந்து தோலைத் திருப்பி வைக்கணும். காலை எடுக்கக் கூடாது."

"அக்குள்ல தோலைத் திருப்பி வைக்கறது அவ்வளவு சுலபம்னு நெனச்சியா? தலைமாட்டுல உக்காந்து சொல்றது ஈஸி. அப்ப நீயே வெட்டு."

கோபத்தில் சொன்னதுதான். அவள் பின்வாங்குவாள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னார்.

"சரி" என்றாள்.

சில நாள் புண்ணைக் கழுவிக் கட்டிச் சுத்தமாக்கினாள். அந்த நாட்களில் வீட்டில் பேச்சு, உப்பு வேண்டுமா, விளக்கை அணைக்கவா என்ற அளவோடு நின்றது. புண் சுத்தமான பிறகு ஒரு மத்தியானம், வெளி நோயாளிகளெல்லாம் போனபின், துரையை மேசையில் கிடத்தினார்கள். மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்கான குழாயைத் தொண்டையில் அவர்தான் பொருத்தினார். முக்காலி அவருக்குக் குட்டை. முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு நேரே வர, தண்டனை வாங்கிய பையன் போல உட்கார்ந்திருந்தார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. பயமாக இருந்தது. வீம்புக்குக் கத்தியை எடுத்துவிட்டோமோ, இந்தக் காலை நாமே கெடுத்துவிடுவோமோ என்றுகூடத் தோன்றியது. பட்ட காலிலே படும் என்பார்கள், துரையின் காலுக்கு இன்னும் என்னென்ன பாக்கியோ என்று நினைத்தாள். முதல் கீறல் போட்டதும், அந்தப் பயத்துக்கு உட்கார நேரமில்லாமல் போயிற்று.

காலைக் கட்டவில்லை. தடித்துப்போன பழைய ஓரங்களைச் சீவி எடுத்தபின், காலை மெதுவாக முன்னால் நீட்டினாள். புண் அகலமாக வாய் திறந்தது. பின்னால் மடக்கினாள். மூடிக்கொண்டது. இன்னொரு முறை நீட்டி, மடக்கிக் காட்டினாள். முக்காலியிலிருந்து ஒரு "ம்" வந்தது. இந்த "ம்" வேறு மாதிரி இருந்தது.

தோள்பட்டைக்குப் பின்னால், சிரைத்த தோலில் பேனாவால் ஒரு பட்டை வரைந்தாள். அந்த இடத்துத் தோலுக்கு என்றே ஒரு ரத்தக்குழாய் அடியிலிருந்து ஏறி வருகிறது. அடியை மட்டும் விட்டு மற்ற மூன்று பக்கமும் வெட்டித் தூக்கினால், அந்தக் குழாயோடு சேர்ந்து தோல் உயிரோடு இருக்கும். அதைத் திருப்பிக் கொண்டுவந்து அக்குளில் வைத்துத் தைக்க வேண்டும். படித்தபோது இரண்டு முறை செய்திருக்கிறாள். விரல்களுக்கு அது ஞாபகம் இருந்தது. தோல் மேலே வந்தது, இளஞ்சிவப்பாக, ஓரங்களில் ரத்தம் கசிந்து. திருப்பி வைத்தாள். பொருந்தியது. அவளுக்கு உள்ளே ஜிவ்வென்று ஏறியது. தைக்கத் தொடங்கினாள்.

முக்காலிக்கு வாய் முளைத்தது.

"லைட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிக்கோ."

"தெரியுது."

"நூல் இன்னும் சன்னமா எடுத்திருக்கலாம்."

"மூச்சைப் பாருங்க."

ஊசி ஏறி இறங்கியது. தையல்கள் ஒரே இடைவெளியில், ஒரே வரிசையில் விழுந்தன. இவ்வளவு நேராகத் தனக்கு வரும் என்று அவளே நினைக்கவில்லை. யாராவது வந்து பார்த்தால் இது அவர் கை இல்லை என்று சொல்ல முடியாது.

"அந்த ஓரம் கறுக்குற மாதிரி இருக்கு" என்றார்.

"ம்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி: "கறுக்குது. பாக்கறியா?"

"இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. பேசாம இருங்களேன்."

அவள் பக்கத்திலிருந்து தோல் நன்றாகச் சிவந்துதான் இருந்தது. இத்தனை நாள் தான் சொன்னதைக் காதில் வாங்காத மனிதர், இன்று தன் கையில் ஊசி இருக்கும்போது நொட்டை சொல்கிறார் என்றுதான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே அடுத்த தையலைப் போட்டாள். அதற்கடுத்ததையும் போட்டாள்.

முக்காலி சாய்ந்து விழுந்த சத்தம் கேட்டது. அவர் எழுந்து நின்றிருந்தார்.

"இங்க பாரு. நான் குறை சொல்லல. திருப்பின எடத்துல, அடியில முறுக்கு விழுந்திருக்கு. உன் பக்கத்துலேருந்து கால் மறைக்குது. எனக்கு இங்கேருந்து நல்லாத் தெரியுது. ரத்தம் போகுது, திரும்பி வர மாட்டேங்குது. இப்படியே விட்டா அந்தத் தோல் செத்துடும்."

ஊசி கையில் இருந்தது. இன்னும் இரண்டே தையல். அந்த இரண்டையும் போட்டு முடித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று அவள் கை ஆசைப்பட்டது. அது ஆசைப்பட்டதை அவள் கவனித்தாள். அதுதான் அவளை நிறுத்தியது. ஊசியை வைத்துவிட்டு, காலைத் தூக்கி, மேசையைச் சுற்றி மறுபக்கம் குனிந்து பார்த்தாள்.

தோலின் நுனி கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல். தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்பது எவ்வளவு பழைய பேச்சு. கத்தி கைக்கு வந்து ஒரு மத்தியானம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் அவளும் "ம்" சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள். அவருக்கு வருஷக்கணக்காக வந்தது அவளுக்கு ஒரு தையல் வரிசையில் வந்துவிட்டது.

கத்தரியை எடுத்துத் தன் தையல்களை அறுத்தாள். நேராக விழுந்த ஒவ்வொன்றையும் அறுத்தாள். ஒவ்வொன்றுக்கும் மனசு வலித்தது. அடியில் கீறலை இன்னும் நீட்டி, தோல் முறுக்கில்லாமல் திரும்ப இடம் செய்தாள். பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கத்தரிக்காய் நிறம் மெல்ல வெளுத்து, பிறகு ஓரத்திலிருந்து சிவப்பு ஏறி வந்தது.

"வருதா?" என்று கேட்டாள்.

"வருது" என்றார் அவர். முக்காலியை நிமிர்த்திப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

மறுபடி தைத்தாள். இந்த முறை கீறல் வளைந்து போனதால் தையலும் வளைந்தது, ஒரு இடத்தில் ஒடிந்து திரும்பியது. கொஞ்சம் தைப்பாள், காலை முன்னால் நீட்டுவாள், பின்னால் மடக்குவாள், "எப்படி இருக்கு?" என்பாள். "இருக்கு" என்று முக்காலியிலிருந்து பதில் வரும். முடித்தபோது அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

துரை பிழைத்தது. தையலும் பிழைத்தது. நுனியில் நகக்கண் அளவுக்கு ஒரு இடம் மட்டும் காய்ந்து உதிர்ந்தது, அது தானே ஆறிக்கொண்டது. தையல் பிரிக்கிற அன்று துரை மேசையிலிருந்து குதித்து, நான்கு காலிலும் நடந்து, மருந்து அலமாரிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டால் திரும்பவில்லை. அது குணமானதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

தம்பி தரையில் குப்புறப் படுத்து அதை வெளியே இழுத்தான். அக்குளைத் தூக்கிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"மாமா, உங்க கை ராசியே ராசி. கடைசியில சாதிச்சிட்டீங்களே."

"நான் மயக்க மருந்துதான் குடுத்தேன். தைச்சது உங்க அக்கா."

தம்பி இன்னொரு முறை தூக்கிப் பார்த்தான்.

"அதான் பாத்தேன். கோணலா இருக்கேன்னு."

அவன் தலையில் ஒரு குட்டு வைக்க அவள் கை துறுதுறுத்தது. பல வருஷம் காத்திருந்து கத்தியைப் பிடித்து, ஒரு காலைக் காப்பாற்றிக் கொடுத்தால், கிடைக்கிற பட்டம் இது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார்.

"நேரா தைச்ச மூணும் பிரிஞ்சுதுடா" என்றார். "தைச்சது நான்."

தம்பி அவரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். கணவர் வாயால் அந்தப் பேச்சைக் கேட்க அவள் எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறாள். கேட்டபோது நினைத்த அளவு இனிக்கவில்லை. கறுத்துப்போன அந்த நுனி அவள் கண்ணிலேயே நின்றது. அதை முதலில் பார்த்தவர் அவர். அவர் எழுந்து நிற்காமல் இருந்திருந்தால் இன்று அலமாரிக்கு அடியில் ஓடியிருப்பது மூன்று கால்.

வெளியே பெஞ்சில் ஒரு நாய் காத்திருந்தது. முள்கம்பி வேலியைத் தாண்டப்போய்த் தொடையைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. அதன் சொந்தக்காரர் துண்டால் காயத்தை அழுத்திப் பிடித்திருந்தார். அவளும் கணவரும் கை கழுவும் தொட்டி முன்னால் வந்து நின்றார்கள். குழாய் ஒன்றுதான். அவர் திறக்கக் கையை நீட்டினார், பிறகு எடுத்துக்கொண்டார்.

"யாரு?" என்று கேட்டார்.

"இதையும் நான் தைக்கறேன்" என்றாள். சட்டைக் கையை மடித்து, குழாயைத் திறந்து, முழங்கைவரை சோப்புப் போட்டாள். பிறகு அவரைப் பார்க்காமலே சொன்னாள்: "ஏதாவது தப்பாப் பட்டா ஒரு தடவை சொல்லிட்டு விட்டுடாதீங்க. கத்துங்க. கையில ஊசி இருந்தா எனக்குக் காது கேக்க மாட்டேங்குது."

"அது எனக்குத் தெரியாதா?" என்றார் அவர்.